தெரியுமா? கோணேசர் மலையடியில் மூன்று அமெரிக்க நாசகாரிகள்!

பெரிய காஞ்சிபுரத்தில் எல்லாம் உண்டு. ஏகாம்பரநாதர் உண்டு, கச்சபேஸ்வரர் உண்டு, நாலு ராஜ வீதி உண்டு, வீதிக்கு வீதி பட்டுக்கடை உண்டு. கடல் மட்டும் கிடையாது. அலையில் கால் நனைக்க மாமல்லபுரமோ மெரினாவோ போயாக வேண்டும். எழுபது கிலோமீட்டர் சொச்சம். இப்படி ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் ஜாதகத்தைப் புரட்டுகிறேன் என்றதும், பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?”

சம்பந்தமா? சம்பந்தரிடமிருந்தே ஆரம்பிக்கலாமே! கச்சி ஏகம்பத்தைப் பாடிய அதே திருஞானசம்பந்தர் பாடிய இன்னொரு தலம், கடல் தாண்டி இருக்கிற திருகோணமலை. அதே ஏழாம் நூற்றாண்டில், காஞ்சியில் அரசாண்ட நரசிம்மவர்மன் தன்னிடம் அடைக்கலம் புகுந்த மானவர்மனுக்கு அரியணை மீட்டுக் கொடுக்க இலங்கைக்கு இரண்டு முறை கப்பற்படை அனுப்பினான். முதல் முறை பலிக்கவில்லை. இரண்டாம் முறை பலித்தது. ஆக, கடலே பார்க்காத காஞ்சிதான் ஒரு காலத்தில் கடற்படைக்கு உத்தரவு போட்ட ஊர்.

இப்போது நேராக 1944-க்கு வாருங்கள். மார்ச் 31. பங்குனி மாதம். கோணேசர் மலைக்குக் கீழே, இயற்கையே குடைந்து வைத்த அந்த ஆழமான துறைமுகத்துக்குள் சரடோகா என்ற பிரம்மாண்டமான அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நுழைகிறது. அதற்குக் காவலாக ஒல்லியான மூன்று டிஸ்ட்ராயர்கள்: கம்மிங்ஸ், டன்லப், ஃபேனிங். எங்கேயோ பசிபிக்கில் ஜப்பானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கப்பல்கள் தமிழர் வாழும் கரைக்கு வந்து ஏழு வாரம் இந்தக் கடலில் வேலை பார்த்தன, தெரியுமா?

எதற்காக வந்தன? பிரிட்டனின் கீழைக் கடற்படைக்கு அப்போது கைவசம் இருந்த பெரிய விமானந்தாங்கி இல்லஸ்ட்ரியஸ் ஒன்றே ஒன்று. போதவில்லை. அமெரிக்காவிடம் கடன் கேட்டார்கள். நாம் கல்யாணத்துக்கு அண்டா கடன் வாங்குவதுபோல அவர்கள் போருக்குக் கப்பல் கடன் வாங்கினார்கள். அமெரிக்கக் கப்பல்கள் வந்து சேர்ந்த சில நாட்களில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷலியூவும் வந்தது. டச்சுக் கப்பல், ஆஸ்திரேலியக் கப்பல், நியூசிலாந்துக் கப்பல் எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தன. திருகோணமலைத் துறைமுகத்தில் ஆறு நாட்டுக் கொடி! அதே ஏப்ரலில் நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தையே கண்டிக்கு மாற்றிக்கொண்டார்.

கொஞ்சம் நிறுத்தி, டிஸ்ட்ராயர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் நாசகாரி. கேட்டாலே அடிவயிறு கலங்கும். உண்மையில் அதன் பிழைப்பில் பெரும்பகுதி காவல் உத்தியோகம்தான். 1870-களிலிருந்து டார்பிடோ படகு என்று சின்னச் சின்ன விசைப்படகுகள் வந்தன. கொசு மாதிரி வந்து யானை மாதிரிக் கப்பல்களைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடும் என்று பெரிய கடற்படைகளெல்லாம் நடுங்கின. அந்தப் படகுகளைத் துரத்தி நாசம் செய்யப் பிறந்ததுதான் ‘டார்பிடோ படகு நாசகாரி’. பிறகு டார்பிடோவும் போனது, படகும் போனது, நாசகாரி மட்டும் நின்றுவிட்டது! ஸ்பெயின் நாடு 1887-இல் படையில் சேர்த்த கப்பலுக்கு ‘டெஸ்ட்ரக்டர்’ என்றே பெயர் வைத்தது. அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. கிளைட்பேங்கை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரப்போகிறது.

தறிக்காரர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். கோர்வைப் புடவை நெய்யும்போது உடலுக்கு நாடா போடுகிறவர் ஒருவர். அந்தப் பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா போடத் துணையாள் ஒருவர். புடவையைப் பார்த்து வாயைப் பிளக்கிற யாரும் அந்தத் துணையாள் யார் என்று கேட்பதில்லை. சரடோகாவுக்குப் புத்தகம் உண்டு, படம் உண்டு. கம்மிங்ஸ் என்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லா இடத்திலும் இருந்தது அதுதான்!

அடுத்தது. இந்தக் கப்பல்கள் ‘மஹான்’ வகையைச் சேர்ந்தவை, தெரியுமா? எங்கள் ஊரில் மகான் என்றால் சாலைத் தெருவில் இருக்கிற சங்கர மடத்துப் பக்கம் கையைக் காட்டுவார்கள். இந்த மஹான் துறவி அல்ல. ஆல்ஃபிரட் தேயர் மஹான் என்ற அமெரிக்கக் கடற்படைச் சிந்தனையாளர். கம்மிங்ஸ் 1936 நவம்பரில் படையில் சேர்ந்தது. டன்லப்பும் ஃபேனிங்கும் அதே அச்சில் கொஞ்சம் திருத்தி வார்த்த தம்பிகள். கம்மிங்ஸின் நீளம் 104 மீட்டர், எடை 1,500 டன், வேகம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கும் மேல். வாலாஜாபாத் ரோட்டில் நம் பஸ் அந்த வேகத்தில் போனால் பயணிகள் டிரைவரைத் திட்டுவார்கள்.

பெயர் வைப்பதிலும் ஒரு கதை. அமெரிக்க டிஸ்ட்ராயர்களுக்கு மறைந்த வீரர்களின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். டன்லப் என்ற பிரிகேடியர் ஜெனரல் எந்தப் போரில் இறந்தார் தெரியுமா? எந்தப் போரிலும் இல்லை! 1931-இல் பிரான்ஸில் ஒரு மலைச்சரிவு. மண்ணுக்குள் ஒரு கிராமத்துப் பெண் சிக்கிக்கொண்டாள். காப்பாற்றப் போனவர் மேலேயே மண் சரிந்தது. அந்த மனிதரின் பெயரைத்தான் ஒரு நாசகாரிக்கு வைத்தார்கள்.

ஃபேனிங்குக்கும் கம்மிங்ஸுக்கும் முன்னால் அதே பெயரில் ஒவ்வொரு கப்பல் இருந்தது. பழைய ஃபேனிங் 1917-இல் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றை மடக்கி, அதன் ஆட்களைச் சிறைபிடித்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ‘பெயரன்’தானே பேரன் ஆனான்? கடற்படைகளும் அப்படித்தான். கப்பல் பழைய இரும்புக்குப் போகும், பெயர் போகாது.

1941 டிசம்பர் 7. பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்ட காலை. கம்மிங்ஸ் அங்கேதான் பழுது பார்ப்பதற்காகக் கட்டிக் கிடந்தது. குண்டுச் சிதறல்கள் அதன் மேல் பட்டன. கிடந்த நிலையிலேயே பீரங்கியால் திருப்பிச் சுட்டது. டன்லப்பும் ஃபேனிங்கும்? எண்டர்பிரைஸ் விமானந்தாங்கியோடு முதல் நாளே துறைமுகம் திரும்பியிருக்க வேண்டியவை. கடல் கொந்தளித்துத் தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதம்தான் அவற்றைக் காப்பாற்றியது! ஃபேனிங் அடுத்த ஏப்ரலில் டோக்கியோவின் மேல் குண்டு போட்ட டூலிட்டில் படைக்குத் துணை போனது. டன்லப் 1943 ஆகஸ்டில் வெல்லா வளைகுடாவில், கும்மிருட்டில், ரேடாரை மட்டும் நம்பிப் போன ஆறு அமெரிக்க டிஸ்ட்ராயர்களில் ஒன்று. எதிரே வந்த நான்கு ஜப்பானிய டிஸ்ட்ராயர்களில் மூன்று மூழ்கின. அமெரிக்கத் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இப்படித் தழும்பேறிய மூன்று பேர் திருகோணமலைக்கு வந்து என்ன செய்தார்கள்? சித்திரை பிறந்த வாரம், 1944 ஏப்ரல் 19. சுமத்ராவின் வடமுனைக்கு எதிரே இருக்கிற சபாங் என்ற ஜப்பானியத் தளம். இரண்டு விமானந்தாங்கிகளிலிருந்தும் எண்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் பறந்து போய் அடித்துவிட்டு வந்தன. ஜப்பான் எதிர்பார்க்கவே இல்லை. சரடோகாவின் விமானம் ஒன்று மட்டும் கடலில் விழுந்தது. விழுந்த விமானியைக் கரையிலிருந்து ஜப்பானியர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே, டாக்டிஷியன் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி மேலே வந்து தூக்கிக்கொண்டு போனது.

அந்த வடமுனை எந்த இடம் தெரிகிறதா? ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி ‘இலாமுரிதேசம்’ என்று சொல்கிற நிலம். 1025 வாக்கில் சோழர் கப்பல்கள் வங்கக் கடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போன திசையில், 900 ஆண்டு கழித்து இந்த அமெரிக்கக் கப்பல்களும் போயின. இதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

மே 17 அன்று ஜாவாவில் சுரபாயாவை அடித்தார்கள். மறுநாள் பிரிவு. அந்தப் பிரிவு உபசாரத்தைக் கேளுங்கள்! கீழைக் கடற்படையின் கப்பல்கள் வரிசை கட்டி நிற்க, நடுவே சரடோகாவும் மூன்று டிஸ்ட்ராயர்களும் ஊர்வலமாகப் போயின. இரண்டு பக்கமும் மாலுமிகள் ஆரவாரம். ராஜ வீதியில் தேர் போகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இனிதான் கம்மிங்ஸின் உச்சம். திருகோணமலையை விட்டு மூன்றே மாதம் ஆகியிருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பால்டிமோர் என்ற போர்க்கப்பலில் ஹவாய்க்குப் போய், தளபதிகள் மெக்ஆர்தரையும் நிமிட்ஸையும் சந்தித்தார். வழிக்காவல்? நம் மூன்று பேர் உட்பட நான்கு டிஸ்ட்ராயர்கள்! அலாஸ்காவில் ரூஸ்வெல்ட் பெரிய கப்பலிலிருந்து இறங்கி கம்மிங்ஸில் ஏறிக்கொண்டார். 1944 ஆகஸ்ட் 12 அன்று பிரெமர்ட்டன் கடற்படைத் தளத்தில், கம்மிங்ஸின் முன்தளத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் முன்னால் பேசினார். நாடு முழுக்க வானொலியில் ஒலிபரப்பு. போலியோவால் கால் விளங்காதவர், இரும்புச் சட்டம் மாட்டி நிற்கிறார், உடம்பு இளைத்ததால் சட்டம் சரியாகப் பொருந்தவில்லை, தளம் சரிவு, காற்று வேறு. பேச்சின் நடுவில் நெஞ்சு வலித்தது. கீழே நின்றவர் யாருக்கும் தெரியாமல் வலியோடே பேசி முடித்தார். எட்டு மாதத்தில், 1945 ஏப்ரல் 12 அன்று, இறந்துபோனார்.

அந்தப் பயணத்தில் இன்னொரு கூத்து. ரூஸ்வெல்ட்டோடு அவருடைய செல்ல நாய் ஃபாலாவும் போயிருந்தது. நாயை அலூஷியன் தீவில் மறந்து விட்டுவிட்டு, அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு டிஸ்ட்ராயரையே அனுப்பினார் என்று எதிர்க்கட்சியினர் கிளப்பிவிட்டார்கள்! மக்கள் வரிப்பணம் நாய்க்கா என்று ஒரே கூச்சல். தேர்தல் நேரம். செப்டம்பர் 23 அன்று ரூஸ்வெல்ட் மேடையேறி, என்னைத் திட்டுங்கள், என் மனைவி மக்களைத் திட்டுங்கள், நாங்கள் பொறுத்துக்கொள்வோம், ஃபாலாவுக்குத்தான் மனசு ஆறவில்லை என்கிற தொனியில் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பேச, கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. நவம்பரில் நான்காவது முறையாகவும் ஜெயித்தார். வதந்தியின் காசு மதிப்பைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்த அரசியல்வாதி!

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? 1945 செப்டம்பர் 3, போனின் தீவுகளின் ஜப்பானியப் படை சரணடைந்த கையெழுத்து டன்லப்பின் தளத்தில் விழுந்தது. சரடோகாவை 1946-இல் பிகினி தீவில் வைத்து, அணுகுண்டு வெடித்து மூழ்கடித்தார்கள், சோதனையாம். கம்மிங்ஸ் 1947 ஜூலையில் பழைய இரும்பாக விலைபோனது. பதினோரு வருஷ ஆயுள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் தவறு. 1944-இல் அதே கீழைக் கடற்படையில் ராதர்ஹாம் என்றொரு பிரிட்டிஷ் டிஸ்ட்ராயர் இருந்தது. பிறந்த இடம்? கிளைட்பேங்க்! டெஸ்ட்ரக்டர் பிறந்த அதே தளம். 1945 செப்டம்பரில் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் சரணை ஏற்றுக்கொண்ட கப்பல் இது. அங்கே ஒரு வாசலுக்கே ராதர்ஹாம் வாசல் என்று பெயர் வந்தது. 1949-இல் அந்தக் கப்பல் நமக்கு வந்தது. புதுப் பெயர்: ஐ.என்.எஸ். ராஜ்புத்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1971 நவம்பர் 14. காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குள் வருகிறது. இலக்கு: அப்போது நம்மிடம் இருந்த ஒரே விமானந்தாங்கி விக்ராந்த். 23-ஆம் தேதி முதல் காஸி எங்கே தேடிக்கொண்டிருந்தது தெரியுமா? சென்னைக்கு வெளியே! நம் தாத்தா பாட்டிகள் பெரிய காஞ்சிபுரத்தில் தீபம் வைத்துக்கொண்டிருந்த அந்தக் கார்த்திகையில், எழுபது கிலோமீட்டர் கிழக்கே கரை தாண்டிய கடலுக்கு அடியில் காஸி அலைந்துகொண்டிருந்தது. அந்தக் காஸி யார் கட்டியது? அமெரிக்கா! டையாப்லோ என்ற பெயரில் 1945-இல் அவர்கள் படையில் சேர்ந்து, 1964-இல் பாகிஸ்தானுக்குப் போன கப்பல் அது.

விக்ராந்த் அங்கே இல்லை. பத்து நாள் முன்பே கிளம்பி அந்தமான் பக்கம் ஒளிந்துவிட்டது. ஒளித்துவைத்தவர் யார்? கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்த தமிழர்! காஸி வந்த செய்தி அவருக்கு எப்படித் தெரிந்தது? ஒரு மசகு எண்ணெய். நீர்மூழ்கிகளும் கண்ணிவாரிக் கப்பல்களும் மட்டும் பயன்படுத்துகிற ஓர் எண்ணெயைப் பற்றி, அப்போது பாகிஸ்தானிடம் இருந்த சிட்டகாங்குக்கு வந்த விசாரிப்பை நம்மவர்கள் இடைமறித்துக் கேட்டுவிட்டார்கள். எண்ணெய் கேட்டால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

பிறகு நடந்தது முழு நாடகம். அப்போது 29 வயதான கிழட்டு ராஜ்புத்துக்கு விக்ராந்த் வேஷம். விசாகப்பட்டினத்திலிருந்து 160 மைல் தள்ளிப் போய், விமானந்தாங்கிதான் பேசுகிறது என்று நம்பும்படி வானலையில் ஓயாமல் பேசிக்கொண்டே இரு என்று உத்தரவு. கரையில் ஒரு பெரிய கடற்படைக்கே போதுமான காய்கறி, இறைச்சி என்று ஆர்டர். எல்லாவற்றையும் விட ஒரு தந்தி: விக்ராந்த் மாலுமி ஒருவர், உடல்நலம் மோசமாக இருக்கும் தன் தாயாரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி, ரகசியக் குறியீடு இல்லாமல் சாதாரணமாக அனுப்பப்பட்டது. எதிரி கேட்கட்டும், விக்ராந்தைத் தேடி விசாகப்பட்டினத்துக்கு வரட்டும் என்றே!

வேஷம் முடிந்து திரும்பியிருந்த ராஜ்புத் டிசம்பர் 3 நள்ளிரவு விசாகப்பட்டினத்திலிருந்து மறுபடி கிளம்பியது. கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங்குக்கு ஒரு யோசனை: நான் எதிரியாக இருந்தால் எங்கே காத்திருப்பேன்? வாசலுக்கு வெளியேதான்! துறைமுக பைலட்டை இறக்கிவிட்டு வேகமெடுத்தார். முன்னால் தண்ணீரில் ஏதோ சலனம். நீரடிக் குண்டுகள் இரண்டு விழுந்தன. சற்று நேரத்தில் பெரிய வெடிச்சத்தம் கரையையே உலுக்கியது. காலையில் எண்ணெய்ப் படலத்தையும் மிதந்த பொருட்களையும் பார்த்துச் சொன்னவர்கள் உள்ளூர் மீனவர்கள். காஸி மூழ்கிவிட்டது. ராஜ்புத்தின் குண்டா, காஸியே போட்ட கண்ணியா, உள்ளே நடந்த வெடிப்பா என்று இரு நாடுகளும் இன்றுவரை வழக்காடுகின்றன. 2024-இல் நம் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் அந்த உடைசலைக் கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில், ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் கண்டதாகச் செய்தி வந்தது. கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய நம் ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் 59 மீட்டர். அதை அங்கே இறக்கினால் கலசம்கூட வெளியே தெரியாது. உள்ளே போனவர்கள் தொண்ணூறுக்கும் மேல். தந்தியில் வந்த தாய்க்கு நோய் இல்லை. காஸிக்காரர்களின் தாய்மார்கள் நிஜமானவர்கள். இந்த இடத்தில் மட்டும் எனக்கு ஆச்சரியக்குறி போடக் கை வரவில்லை.

பழைய ராஜ்புத் 1976-இல் ஓய்வு பெற்றது. 1980-இல் அதே பெயரில் ‘பெயரன்’ வந்தான்: இன்றைய உக்ரைனின் மிகோலாயிவில் கட்டிய ராஜ்புத். அதன் முதல் கேப்டன் ஜி.எம். ஹிராநந்தானி. யார் அவர்? ஓய்வுக்குப் பிறகு இந்தியக் கடற்படையின் வரலாற்றை எழுதியவர். தாத்தா ராஜ்புத் 1971-இல் செய்ததைப் பதிவு செய்தவரே பேரனின் முதல் தலைவர்! 41 வருஷம் உழைத்துவிட்டு அதுவும் 2021 மே 21 அன்று கொடி இறக்கியது. இப்போது நம் தலைநகரின் பெயரிலேயே ஒரு டிஸ்ட்ராயர் இருக்கிறது. 2016 நவம்பரில் சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னை, 164 மீட்டர் நீளம். 2024 ஜனவரியில் சோமாலியா பக்கம் கடத்தப்பட்ட சரக்குக் கப்பலுக்குப் போய் 21 பேரை மீட்க உதவியது.

அமெரிக்கக் கப்பல்கள்? 2022 ஆகஸ்டில் எண்ணூருக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளிக்கு ஒன்று வந்தது. சண்டைக்கு அல்ல, ரிப்பேருக்கு! அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. அதன் பெயர் சார்லஸ் ட்ரூ. டிஸ்ட்ராயர்களுக்குச் சரக்கு சுமக்கிற கப்பல். பெயருக்குரியவர் ரத்த வங்கிக்கு வழிகாட்டிய மருத்துவர்.

இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பெரியவர் குறுக்கே பேசவில்லை. அறுந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர், நிமிராமலே கேட்டார்: “அந்த ஜனாதிபதி வலியோட நின்னு பேசினாரே, அந்தக் கப்பல் எவ்வளவு நீளம்னு சொன்னே?”

“நூத்தி நாலு மீட்டர்ங்க ஐயா.”

ஒரு பாவுக்கு மூன்று புடவை. உதடு அசையாமல் கணக்குப் போட்டார்.

“ஆறு பாவு” என்றார். நாடா மறுபடி ஓடத் தொடங்கியது.